நாலு புள்ளி ஆறு

பிளாக் 19, நெய்வேலி நகரியம்
20 பிப்ரவரி 2025

ஏஞ்சல்,

'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன். ஒன்பது மாதமாக ஒரு வரி எழுதாத அண்ணன் திடீரென்று அன்பு என்று ஆரம்பித்தால் உனக்கே சிரிப்பு வரும். 'சிஸ்டர் ஏஞ்சலின்' என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் வெறும் பெயர்.

இது சமாதானக் கடிதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிராசஸர் வாங்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீ வீட்டில் இருந்தபோது பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் மாட்டுப் பொங்கலன்று நின்றது. மதர்போர்டு போய்விட்டது, போகும்போது பிராசஸரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ராம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அதே மாதக் கடைசியில் என் பம்ப் ஹவுஸ் கான்ட்ராக்டும் முடிந்தது. புது கான்ட்ராக்டர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். ஆறு வருஷம் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து ஷீட்டில் எழுதிய அனுபவத்தை வைத்துக்கொண்டு வெளியே என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. அப்பா மே மாதம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாடகை என் தலையில்.

மந்தாரக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயகணேஷை உனக்குத் தெரியும், உன் புதுநன்மைக்குப் படம் எடுத்தவர். தவக்காலத்தில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லையா, ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். அதில் இரண்டு கல்யாண வீடியோவை எனக்கு எடிட்டிங்குக்குத் தருகிறேன் என்கிறார். சொன்ன நாளில் சொன்னபடி முடித்தால் வருஷம் முழுக்க எடிட்டிங் எனக்கு. முடிக்காவிட்டால் விருத்தாசலத்தில் ஒருவன் காத்திருக்கிறான்.

வடலூர்க் கடையில் நாலு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். இன்டெல் ஐ3 12100எஃப், ஐ5 12400எஃப். ரைசன் 5 5500, ரைசன் 5 5600. யூடியூபில் பார்த்தால் ஒருவன் ஒன்று சொல்கிறான். எல்லோரும் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். நம் வீட்டு மேற்கு அறையில் ஏப்ரல் மாதம் எவனும் சோதித்ததில்லை, நீ ஒருத்தியைத் தவிர. வாங்கின வேகத்துக்கு மேலே ஓட வைக்கவும் உனக்குத்தான் தெரியும். கையில் இருக்கும் காசுக்கு எது?

உன் கடிதங்களைப் பொறுப்புச் சிஸ்டர் பிரித்துப் படிப்பார் என்று அப்பா சொன்னார். படிக்கட்டும். கிகாஹெர்ட்ஸில் பாவம் ஒன்றும் கிடையாது.

பெனடிக்ட்

•

நவதுறவகம், ஏற்காடு
2 மார்ச் 2025, ஞாயிறு

அண்ணா,

சிஸ்டர் மரியபுஷ்பம் உன் கடிதத்தை என் முன்னால் வைத்து, "இதுல ஒரு வரியும் எனக்குப் புரியலம்மா. நல்ல விஷயம்தானே?" என்று கேட்டார். நல்ல விஷயம்தான் என்றேன். பதில் எழுத ஒரு தாள் கொடுத்தார். பிறகு இன்னும் மூன்று வாங்கிக்கொண்டேன்.

நான் வீட்டை விட்டு வந்தது 2023 ஜூன். அதற்குப் பிறகு சந்தையில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நல்ல வேளை, நீ எழுதிய நாலும் எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள்.

மற்ற மூன்றிலும் கணக்குப் போடும் கோர் ஆறு, ஐ3யில் நாலுதான். கேம் ஆடப் போதும், கல்யாண வீடியோவுக்கு மூச்சு வாங்கும். ஐ5 12400எஃப் நல்ல சரக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இன்டெலும் பூட்டு போட்டவை. பெயரின் கடைசியில் 'கே' இல்லாததை நாம் விரும்பிய வேகத்துக்கு ஏற்ற முடியாது. ரைசன் இரண்டும் திறந்தவை. 5500க்கும் 5600க்கும் விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். 5600க்கு உள்ளே தற்காலிக நினைவகம் இரட்டிப்பு. அதை வாங்கு.

போர்டு முக்கியம். கடைக்காரர் ஏ520 தருவார், விலை குறைவு என்பார். அதில் வேகத்தை ஏற்ற முடியாது. பி450 அல்லது பி550 கேள். தர மறுத்தால் கடலூருக்குப் போ. பெட்டிக்குள் வரும் குட்டி மின்விசிறி நம் மேற்கு அறைக்குக் காணாது. பிராசஸர் மேல் பூட்டத் தனியாக ஒரு பெரிய கூலர் வாங்கு.

முதல் வாரம் எதையும் தொடாமல் ஓட்டு. பிறகு ஆறு கோரையும் 4.4க்கு வை, அடுத்தது 4.5, அடுத்தது 4.6 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜ் 1.25க்கு மேல் போகாதே. சிப்புக்குச் சிப்பு வித்தியாசம் உண்டு. சிலது 4.6இல் நிற்கும், சிலது நிற்காது. நிற்காததைத் திட்டிப் பயனில்லை. இதனால் உனக்கு என்ன லாபம் என்றால், ஒரு மணி நேர வேலையில் நாலு நிமிஷம். அவ்வளவுதான். ஆனாலும் நான் உன் இடத்தில் இருந்தால் செய்வேன்.

ஏற்றிய பிறகு சோதனை. பிராசஸரை முழு மூச்சாகக் கணக்குப் போட வைக்கும் மென்பொருள் பழைய டிஸ்கில் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போட்டு மாலை நாலு வரை ஓடவிடு. மேற்கு அறையில், ஏப்ரலில், கதவைச் சாத்திக்கொண்டு. மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துத் தாளில் எழுது. இதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ எங்கேயாவது போக வேண்டியிருந்தால் அந்த மணிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'ஆள் இல்லை' என்று எழுது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் பரவாயில்லை. ஷீட்டை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு சங்கடம். புதன் விபூதித் திருநாள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் முடியாது, வந்ததைப் படிக்கவும் முடியாது. வருவதை எல்லாம் சிஸ்டர் பீரோவில் வைத்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறன்று தருவார். ஆகவே நீ தனியாகத்தான் பூட்ட வேண்டும்.

சமாதானக் கடிதம் இல்லை என்று எழுதியிருந்தாய். தெரிந்துகொண்டேன்.

ஏஞ்சலின்

•

பிளாக் 19
23 மார்ச் 2025

ஏஞ்சல்,

நீ இப்போது படிக்க மாட்டாய் என்பது எழுதுவதற்கு வசதியாக இருக்கிறது.

5600 வாங்கியாயிற்று. நீ சொன்னது அப்படியே நடந்தது. கடைக்காரர் கொளஞ்சிநாதன் ஏ520 போர்டை மேசையில் வைத்து, "ரெண்டும் ஒண்ணுதாங்க. எல்லாரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க" என்றார். என் தங்கச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். "தங்கச்சி கம்ப்யூட்டர் படிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். சாமியார் மடத்தில் இருக்கிறாள் என்றதும் உள்ளே போய் பி550 எடுத்து வந்தார்.

அப்பா கட்டிலில் செய்தித்தாளை விரித்துப் பூட்டினேன். அப்பா டார்ச் பிடித்தார். பிராசஸரைச் சாக்கெட்டில் வைக்கும்போது உன்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவையே திரை வந்தது. அப்பா, "அவ இருந்தா இன்னேரம் நம்மள திட்டிக்கிட்டு இருப்பா" என்றார்.

போன ஜூன் எட்டாம் தேதி உனக்குத் துறவற உடுப்பு தரும் விழாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்பா முதல் நாளே கிளம்பிப் போய்விட்டார். நான் அன்று காலை ஐந்து மணிக்கு வடலூர் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன், வெள்ளைச் சட்டையோடு. சேலம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. உன்மேல் கோபம். அப்பாவையும் வீட்டையும் என் தலையில் கட்டிவிட்டு நீ மட்டும் தப்பித்துப் போகிறாய் என்று எரிச்சல். அந்த எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் ஏறியிருக்க வேண்டும்.

4.4இல் ஓடுகிறது. சூடு அறுபத்தெட்டு.

பெனடிக்ட்

•

பிளாக் 19
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

ஏஞ்சல்,

4.6. வோல்டேஜ் 1.25. நேற்று பெரிய வெள்ளி, ஸ்டூடியோ லீவு, ஊரே அமைதி. சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று பத்து மணிக்குப் போட்டுவிட்டேன். ஷீட்டின் நகல் கீழே.

10 மணி: 70
11 மணி: 72
12 மணி: 72
1 மணி: 73
2 மணி: 73
3 மணி: 72
4 மணி: 72
பிழை: இல்லை.

ஆறு மணி நேரம், மேற்கு அறையில், கதவைச் சாத்தி. நிற்கிறது. சபாஷ் என்று எழுதுவாய் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்த வருஷம் சிலுவைப் பாதை கோயிலில் தொடங்கி ஆர்ச் கேட் வரை போய்த் திரும்பியது. பங்குத் தந்தை சரியாகப் பன்னிரண்டுக்கு ஆரம்பித்துவிட்டார், முடிய மூன்றரை. ஐந்தாம் தலத்தில் சீமோனாகச் சிலுவையைத் தூக்க ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். தோள் இன்னும் வலிக்கிறது. அப்பாவும் கூடவே செருப்பில்லாமல் நடந்தார், சொன்னால் கேட்கவில்லை. தார் ரோடு கொதித்தது.

முதல் கல்யாணம் புதன்கிழமை, 23ஆம் தேதி. திங்கள் 28 காலை வீடியோ ஜெயகணேஷ் மேசையில் இருக்க வேண்டும். மறுநாள் இரண்டாவது கல்யாணத்தின் வேலையைத் தருவார்.

ஈஸ்டர் வாழ்த்து.

பெனடிக்ட்

•

நவதுறவகம், ஏற்காடு
23 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் மார்ச் கடிதத்தை ஞாயிறன்றே படித்தேன். பெரிய சனிக் கடிதம் நேற்று வந்தது. ஈஸ்டர் வாரம் என்பதால் உடனே பதில் எழுத அனுமதி கிடைத்தது. போன் கேட்டேன். உயிர் போகிற விஷயமா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். விரைவுத் தபாலில் போகும்.

இந்தப் பதிலை இரண்டாவது தடவை எழுதுகிறேன். முதலாவது இரண்டு பக்கம், முழுக்கத் திட்டு. அதில் இருந்தது இதுதான்: வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை நீ சிலுவை தூக்கிக்கொண்டு ஆர்ச் கேட்டில் இருந்தாய். அப்படியென்றால் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று மணிக்கு மேற்கு அறையில் சூட்டைப் பார்த்து எழுதியது யார்? அப்பா என்று சொல்லாதே, அப்பாவும் உன்னோடு செருப்பில்லாமல் நடந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். தார் ரோடு கொதித்த மதியத்தில் அந்த அறையில் சூடு ஒரு டிகிரிதான் ஏறியதா? முன் மணி ரீடிங்கைப் பார்த்து அடுத்த மணியை நிரப்பியிருக்கிறாய். ஆறு வருஷம் ஷீட் எழுதியவன் இப்படிச் செய்யலாமா? இப்படியே போயிற்று. கடைசியில் நீ எப்போதும் இப்படித்தான் என்றும் எழுதியிருந்தேன்.

போகும் கடிதங்களையும் சிஸ்டர் மரியபுஷ்பம் படிப்பார். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடிதத்தை மேசையில் வைத்தார். அதன் மேல் என் நோட்டை வைத்தார்.

அந்த நோட்டு என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் அன்றைய செபம் எப்படி இருந்தது, மனம் எப்படி இருந்தது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். தவக்காலத்தின் முதல் வாரம் ஒழுங்காக எழுதினேன். மார்ச் பதின்மூன்றில் 'மன அமைதி. இறைவனுக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறேன். பதினான்கிலும் அதுதான். நேற்று வரை அதுதான். நாற்பத்தோரு நாள், எழுத்துகூட மாறவில்லை.

சிஸ்டர் கோபப்படவில்லை. "பிராசஸருக்கு நாலு பக்கம் எழுதின. ஒரு வார்த்தை திரும்ப வரல. இத நான் ரெண்டு வாரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன், நீயா சொல்லுவேன்னு" என்றார். உன்னைத் திட்டிய இரண்டு பக்கத்தையும் அங்கேயே கிழித்தேன்.

நாற்பத்தோரு நாளும் உள்ளே என்ன இருந்தது என்று உனக்குச் சொல்கிறேன். காலைச் செபத்தில் உன் போர்டின் வோல்டேஜைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சமாதானக் கடிதம் இல்லை என்று நீ எழுதியதற்காகக் குளியலறையில் அழுதேன். ஜூன் எட்டாம் தேதி உடுப்புத் தட்டை அண்ணன் ஏந்தி வருவதாக நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருந்தார்கள். பூசை முடியும் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சமையல் செய்யும் அக்கா ஏந்தி வந்தார். அந்தக் கோபமும் இருந்தது. இங்கேயே இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் இருந்தது. இதில் ஒன்றுகூட அமைதி இல்லை.

இப்போது வேலை. கடிதம் கிடைத்ததும் எல்லாவற்றையும் பழைய அமைப்புக்குத் திருப்பு. கம்பெனி கொடுத்த வேகத்தில் ஓடட்டும். அந்த நாலு நிமிஷம் போனால் போகட்டும். கல்யாண வேலை முடிந்த பிறகு புதிதாகச் சோதனை செய்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மேல் நீ வீட்டுக்கு வந்தபோது திரையில் என்ன இருந்தது என்று மட்டும் எழுது.

ஏஞ்சலின்

•

பிளாக் 19
2 மே 2025

ஏஞ்சல்,

கேட்டதற்கு முதலில் பதில். திரையில் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் இருந்தது. அதாவது நடுவில் எப்போதோ தானாக நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பம்ப் ஹவுஸில் ஆறு வருஷத்தில் ஒரு ரீடிங்கையும் நான் பார்க்காமல் எழுதியதில்லை, சத்தியமாக. அங்கே எழுதாததை வீட்டில் எழுதினேன். நீ பார்த்துவிட்டு 'இறக்கு' என்று சொல்லியிருப்பாய். எனக்கு நீ சபாஷ் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ என்னை ஒரு தடவைகூடச் சபாஷ் என்று சொன்னதில்லை.

இனி மீதி. உன் கடிதத்தை 26ஆம் தேதி சனிக்கிழமை தபால்காரர் பாவாடை அண்ணன் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரிக்கவில்லை. விரைவுத் தபால் என்றதும் உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்துவிட்டது. மானிட்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். அன்று இரண்டு தடவை நடு வேலையில் கம்ப்யூட்டர் நின்றது. கரண்ட் என்று நினைக்கப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு அதையும் சொல்ல முடியவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஞாயிறு மத்தியானம் மறுபடி நின்றது. இந்தத் தடவை வேலை செய்த கோப்பே திறக்கவில்லை. தாலி கட்டியதிலிருந்து விருந்து வரை எல்லாம் போயிற்று. ஒளிப்பதிவு பத்திரமாக இருந்தது, நான் வெட்டி ஒட்டிய மூன்று நாள் வேலைதான் போனது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அவ லெட்டர பிரிச்சியா?" என்று கேட்டார். அப்போதுதான் பிரித்தேன். வாசலில் நின்று படித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு மேல் அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மீதியையும் படித்துவிட்டு, நீ சொன்னபடி எல்லாவற்றையும் இறக்கினேன். போன வேலையைத் திரும்பச் செய்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடித்தேன். ஒன்றரை நாள் தாமதம். நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஜெயகணேஷ் பென் டிரைவை வாங்கிக்கொண்டு, ஏன் லேட் என்று கேட்டார். இரண்டாவது கல்யாணத்தை அன்று காலையே விருத்தாசலத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். சும்மா உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நடந்ததை அப்படியே சொன்னேன், பெரிய வெள்ளி ஷீட் உட்பட. அவர் வீடியோவைக் கால் மணி நேரம் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வருஷ வேலைன்னு இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது பெனடிக்ட். அடுத்த வாரம் மஞ்சள் நீராட்டு ஒண்ணு இருக்கு. அத முடிச்சிக் குடு. ஒவ்வொண்ணா பாப்போம்" என்றார். கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று எழுதத் தோன்றுகிறது, எழுத மாட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. வாடகைக்குப் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நேற்று மே தினம். 4.5இல் வைத்துச் சோதித்தேன். ஷீட்.

10 மணி: 69
11 மணி: 72
12 மணி: ஆள் இல்லை. மளிகைக் கடை.
1 மணி: 77
2 மணி: 80
3 மணி: ஆள் இல்லை. தூங்கிவிட்டேன்.
4 மணி: 79
பிழை: இல்லை. திரையும் போட்டது போட்டபடி இருந்தது.

பார்வையாளர் நாள் எது என்று எழுது. நான் மட்டும் வருகிறேன். சேலம் பஸ்ஸில் இந்தத் தடவை ஏறிவிடுவேன்.

பெனடிக்ட்

•

நவதுறவகம், ஏற்காடு
11 மே 2025, ஞாயிறு

அண்ணா,

சபாஷ். ஷீட்டுக்குத்தான், பிராசஸருக்கு இல்லை. 4.5இல் எண்பது டிகிரி நம் மேற்கு அறைக்கு நல்ல கணக்கு. அதிலேயே விட்டுவிடு. இரண்டு நிமிஷம் லாபம்.

என் நோட்டில் இப்போது கொஞ்சம் கலவையாக இருக்கிறது. 'தூக்கம் வந்தது', 'அண்ணன் நினைப்பு', 'சமையலறையில் சண்டை போட்டேன்', ஒரு நாள் 'சந்தோஷம், காரணம் தெரியவில்லை'. மூன்று நாள் எதுவும் எழுதவில்லை. சிஸ்டர் மரியபுஷ்பம் அந்த வெற்று இடங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்ன டிக் போட்டிருக்கிறார்.

ஜூன் எட்டோடு உடுப்பு வாங்கி ஒரு வருஷம் முடிகிறது. தொடர்ந்து இருக்க விரும்புகிறேன் என்று மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் எழுதித்தர வேண்டும். கூட இருக்கும் ஐந்து பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தியின் தாளைப் பார்த்து அப்படியே எழுத ஐந்து நிமிஷம் போதும். என் தாள் பைபிளுக்குள் இருக்கிறது. தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.

பார்வையாளர் நாள் 18ஆம் தேதி, பத்து மணி. அப்பாவை அலைக்கழிக்காதே, நீ மட்டும் வா. கேட்டில் நோட்டு இருக்கும், வந்த நேரத்தை உன் கையாலேயே எழுத வேண்டும். அந்த வெள்ளைச் சட்டை இன்னும் சேர்ந்தால் போட்டுக்கொண்டு வா.

திரும்பிப் போக ஒரு டிக்கெட்டா இரண்டா என்று எனக்குத் தெரியாது. முன்பதிவு செய்யாதே.

உன் தங்கச்சி
ஏஞ்சல்